ஈரான் – ஈராக் போர் எதனால் வந்தது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தப் போர் இது? 'வளைகுடாப் போர்' என்று சொல்வது இதைத்தானா?

1980 செப்டம்பர் 22 அன்று ஈராக்கின் போர் விமானங்கள் ஈரானின் விமானத் தளங்கள் மீது குண்டு வீசின. மறுநாள் ஈராக்கின் தரைப்படை எல்லையைத் தாண்டியது. போர் நின்றது 1988 ஆகஸ்ட் 20 அன்று. இடைப்பட்ட எட்டு ஆண்டுகளில் இரு பக்கமும் சேர்த்துப் பல லட்சம் பேர் இறந்தார்கள். பதுங்கு குழிகள், முள்வேலிகள், நச்சு வாயு என்று முதல் உலகப் போரோடு முடிந்துவிட்டதாக நினைத்த கொடுமைகள் எல்லாம் இங்கே திரும்பி வந்தன.

அன்றைய செய்திகளில் 'வளைகுடாப் போர்' என்றால் இதுதான். 1990-91இல் குவைத்தை ஒட்டி நடந்த போருக்கு அந்தப் பெயர் போய்விட்டது. பெயரோடு சேர்ந்து நினைவும் போய்விட்டது என்பதுதான் என் வருத்தம். குவைத் போரைப் பற்றித் தெரிந்தவர்களில் பலருக்கு, அதற்கு விதை போட்ட இந்தப் போர் ஏன் நடந்தது என்று தெரிவதில்லை.

ஒரு ஆற்றுக்காகவா எட்டு வருஷம் சண்டை போட்டார்கள்?

ஆற்றைச் சொல்லித்தான் தொடங்கினார்கள். அதனால் முதலில் ஆற்றைப் பார்த்துவிடுவோம்.

டைக்ரிஸும் யூப்ரடீஸும் ஈராக்கின் அல் குர்னா என்ற ஊரில் ஒன்றாகக் கலக்கின்றன. அங்கிருந்து பாரசீக வளைகுடா வரை, ஏறக்குறைய 200 கிலோமீட்டர் தூரம் ஓடும் ஆற்றுக்கு அரபியில் ஷத் அல் அரப் என்று பெயர். ஈரானியர்கள் அதை அர்வந்த் ரூத் என்பார்கள். பேரிலேயே தகராறு தொடங்கிவிடுகிறது. ஆற்றின் கடைசிப் பகுதிதான் இரண்டு நாடுகளுக்கும் எல்லை. ஈராக்கின் பெரிய துறைமுகமான பாஸ்ரா இந்த ஆற்றங்கரையில் இருக்கிறது. ஈரானின் கோரம்ஷஹர் துறைமுகமும், உலகின் மிகப் பெரிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில் ஒன்று இருந்த அபாதானும் எதிர்க்கரையில் இருக்கின்றன.

ஈரானுக்கு வளைகுடா நெடுக நீண்ட கடற்கரை உண்டு. ஈராக்குக்கோ சுமார் 58 கிலோமீட்டர்தான். கடலுக்குப் போக ஈராக்குக்கு இந்த ஆறு தொண்டைக்குழி மாதிரி. இதை மனதில் வைக்காமல் ஈராக்கின் பதற்றத்தைப் புரிந்துகொள்ள முடியாது.

சரி, எல்லைக்கோடு எங்கே? பொதுவாக இரு நாடுகளுக்கு நடுவே ஓடும் ஆற்றில், கப்பல் போகும் ஆழமான தடத்தின் நடுவில்தான் கோடு போடுவார்கள். இங்கே அப்படி நடக்கவில்லை. 1937 ஒப்பந்தப்படி, அபாதான் போன்ற ஓரிரு இடங்களைத் தவிர, ஈரானின் கரை வரைக்கும் தண்ணீர் முழுதும் ஈராக்குக்கு. ஈரான் துறைமுகத்துக்கு வரும் கப்பல்கூட ஈராக்குக்குக் கட்டணம் கட்ட வேண்டும். தெஹ்ரானுக்கு இது பெரிய மானப் பிரச்சினை. 1969 ஏப்ரலில் ஷா மன்னர் அந்த ஒப்பந்தத்தைத் தூக்கி எறிந்தார். போர்க்கப்பல் துணையோடு ஒரு ஈரானியக் கப்பலைக் கட்டணம் கட்டாமல் ஆற்றில் ஓட்டிக் காட்டினார். ஈராக்கால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

1975இல் உடன்பாடு ஏற்பட்டதே, அப்புறம் என்ன?

இந்தக் கேள்விக்குள்தான் போரின் வேர் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

1970களின் தொடக்கத்தில் வடக்கு ஈராக்கில் முஸ்தபா பர்சானி தலைமையில் குர்துகள் தன்னாட்சி கேட்டுப் போராடினார்கள். அவர்களுக்கு ஆயுதமும் பணமும் தந்தவர் ஈரானின் ஷா. அவருக்குப் பின்னால் அமெரிக்காவும் இஸ்ரேலும் இருந்தன. ஈராக்கின் படை அந்தச் சண்டையில் களைத்துப் போனது. 1975 மார்ச் 6 அன்று, எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் மாநாட்டுக்காக அல்ஜியர்ஸில் கூடியிருந்தபோது, அல்ஜீரிய அதிபர் பூமெதீன் நடுவில் நின்று ஷாவையும், அப்போது துணை அதிபராக இருந்த சதாம் உசேனையும் கை குலுக்க வைத்தார். ஆற்றின் எல்லை நடுத்தடத்துக்கு மாறும். பதிலுக்கு ஈரான் குர்துகளைக் கைவிடும். இதுதான் பேரம். சில நாட்களிலேயே குர்துகளின் கிளர்ச்சி சரிந்தது. நம்பியவர்களை நடுத்தெருவில் விட்ட அந்தக் கதை தனியாகப் பேச வேண்டியது.

ஈராக் தரப்பில் இந்த உடன்பாட்டில் கையெழுத்துப் போட்டவர் சதாம். பாதி ஆற்றை விட்டுக்கொடுத்தவர் என்ற வடு அவர் பேரில் விழுந்தது. பலவீனமாக இருந்தபோது கழுத்தைப் பிடித்து வாங்கிய கையெழுத்து என்றே அவர் அதை நினைத்தார். உடன்பாட்டின்படி ஈராக்குக்குத் திரும்ப வேண்டிய சில எல்லைப் பகுதிகளும் வந்து சேரவில்லை. 1980 செப்டம்பர் 17 அன்று, அதே சதாம் அதிபராக இருந்து, அந்த உடன்பாடு இனிச் செல்லாது என்று அறிவித்தார். ஐந்து நாளில் போர்.

கிராமத்தில் வரப்புத் தகராறு பார்த்திருப்பீர்கள். இரண்டு குடும்பமும் நன்றாக இருக்கும்வரை வரப்பு ஒரு சாண் நகர்ந்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள். உறவு கெட்டதும் பத்து வருஷத்துக்கு முந்தைய சாண் கணக்கு வெளியே வரும், அரிவாளும் வரும். அந்த வரப்பை மட்டும் அளந்து பார்த்தால் வெட்டுக்குக் காரணம் கிடைக்காது. ஷத் அல் அரப் அப்படிப்பட்ட ஒரு வரப்பு. 1975க்கும் 1979க்கும் நடுவில் அதே எல்லைக்கோட்டை வைத்துக்கொண்டு இரண்டு நாடுகளும் அமைதியாகவே இருந்தன. மாறியது கோடு இல்லை, தெஹ்ரானில் இருந்த அரசு.

இது ஷியா – சன்னி சண்டைதானே?

இல்லை. இந்த விளக்கம் சுலபமாக இருக்கிறது, அதனால் பரவிவிட்டது.

ஈராக் மக்களில் பாதிக்கு மேல் ஷியாக்கள். ஈராக்கின் சாதாரணக் காலாட்படை வீரர்களில் பெரும்பாலோர் ஷியாக்கள்தான். எட்டு ஆண்டுகள் ஷியா நாடான ஈரானை எதிர்த்து அவர்கள்தான் குழிகளில் கிடந்தார்கள். அவர்கள் தன் பக்கம் வந்துவிடுவார்கள் என்று தெஹ்ரான் நினைத்தது. பெருவாரியாக அப்படி நடக்கவில்லை. மறுபக்கம், ஈரானின் குசஸ்தான் மாகாணத்தில் அரபு மொழி பேசுகிறவர்கள் நிறைய. ஈராக் படை வந்தால் விடுதலை வந்ததாக அவர்கள் கொண்டாடுவார்கள் என்று சதாம் கணக்குப் போட்டார். அதுவும் நடக்கவில்லை. மதமும் மொழியும் மனிதர்களை இழுத்துக்கொண்டு போகும் என்று இரண்டு தலைநகரங்களும் நம்பின, இரண்டுமே ஏமாந்தன.

சதாம் சன்னிதான், ஆனால் ஈராக்கை ஆண்ட அவருடைய பாத் கட்சி மத அடிப்படையில் இயங்கிய கட்சி இல்லை. அவருடைய நெருங்கிய அமைச்சர் தாரிக் அஜீஸ் ஒரு கிறிஸ்தவர்.

அரபியருக்கும் பாரசீகருக்கும் ஆயிரம் வருஷப் பகை என்கிறார்களே?

அந்தக் கதையைப் போருக்காகத் தூசு தட்டி எடுத்தார்கள். ஏழாம் நூற்றாண்டில் காதிசிய்யா என்ற இடத்தில் அரபு முஸ்லிம் படை பாரசீகப் பேரரசை வென்றது. சதாம் தன் போருக்கு 'சதாமின் காதிசிய்யா' என்றே பெயர் வைத்தார். ஈரான் தன் பங்குக்குத் தாக்குதல்களுக்கு, நபியின் பேரர் ஹுசைன் கொல்லப்பட்ட கர்பலாவின் பெயரை வைத்தது. ஜெருசலேமுக்குப் போகும் வழி கர்பலா வழியாகப் போகிறது என்று முழங்கியது. முஹர்ரம் ஊர்வலம் பார்த்தவர்களுக்குக் கர்பலா என்ற பெயருக்கு எவ்வளவு கனம் என்று தெரியும்.

பழம்பகை மட்டும் காரணம் என்றால் நூறு வருஷம் முன்போ பின்போ நடந்திருக்கலாமே, 1980இல் ஏன்?

அப்படியானால் உண்மையான காரணம் என்ன?

பயம். இரண்டு அரசுகளுக்கும் தங்கள் நாற்காலியைப் பற்றிய பயம்.

1979 பிப்ரவரியில் ஈரானில் புரட்சி வென்றது. அதன் தலைவர் அயத்துல்லா கொமெய்னி, ஷாவால் நாடு கடத்தப்பட்டு 1965 முதல் 13 ஆண்டுகள் ஈராக்கின் நஜஃப் நகரில் வாழ்ந்தவர். 1978 அக்டோபரில், ஷாவின் வேண்டுகோளை ஏற்று ஈராக் அரசு அவரை வெளியேற்றியது. அவர் பிரான்ஸுக்குப் போய், அங்கிருந்து நான்கே மாதத்தில் வெற்றியோடு தெஹ்ரான் திரும்பினார். ஈராக்கை அவர் மறக்கவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை. மன்னராட்சியை மக்கள் கவிழ்த்ததுபோல் ஈராக்கிலும் செய்ய வேண்டும் என்று ஈரானிய வானொலி அரபியில் ஓயாமல் பேசியது.

சதாம் அதிபரானது 1979 ஜூலையில். ஆன சில நாட்களிலேயே தன் கட்சித் தலைவர்கள் பலரைச் சதிகாரர்கள் என்று சொல்லிக் கொன்றார். சொந்தக் கட்சியையே நம்பாத ஒருவருக்கு, நாட்டில் பாதிக்கு மேல் இருக்கும் ஷியாக்களைக் குறிவைத்து எல்லைக்கு அப்பாலிருந்து வரும் குரல் எப்படிக் கேட்டிருக்கும்? ஈராக்கில் தாவா என்ற ஷியா இஸ்லாமியக் கட்சி ஏற்கெனவே மறைவில் இயங்கியது. 1980 ஏப்ரல் 1 அன்று பாக்தாத் பல்கலைக்கழகம் ஒன்றில் தாரிக் அஜீஸ் மீது கையெறி குண்டு வீசப்பட்டது, அவர் தப்பினார். அடுத்த சில நாட்களில், ஈராக் ஷியாக்கள் பெரிதும் மதித்த அறிஞர் முகமது பாகிர் அல் சதரையும் அவருடைய தங்கை அமினாவையும் ஈராக் அரசு கொன்றது. ஈரானிய வம்சாவளி என்று முத்திரை குத்தி ஆயிரக்கணக்கான குடும்பங்களை எல்லைக்கு அப்பால் துரத்தியது. பல தலைமுறையாகப் பாக்தாதில் கடை வைத்திருந்தவர்கள், உடுத்திய துணியோடு லாரியில் ஏற்றப்பட்டார்கள். போரின் முதல் அகதிகள் இவர்கள். போர் அறிவிக்கும் முன்பே அகதி ஆனவர்கள்.

சதர் கொல்லப்பட்டதும், ஈராக் மக்களும் படையும் எழுந்து அரசைக் கவிழ்க்க வேண்டும் என்று கொமெய்னி வெளிப்படையாக அழைத்தார். என் பார்வையில் போர் மனதளவில் தொடங்கியது அந்த ஏப்ரலில்தான்.

அப்போ ஈரான் மேலும் தப்பு இருக்கிறதா?

தூண்டியதில் இருக்கிறது. பக்கத்து நாட்டு அரசைக் கவிழ்க்கச் சொல்லிக் கூப்பிடுவது சின்ன விஷயம் இல்லை. ஈராக்கும் சும்மா இருக்கவில்லை. குசஸ்தானின் அரபுக் குழுக்களுக்கு ஆயுதம் தந்தது. 1980 ஏப்ரல் 30 அன்று லண்டனில் ஈரானியத் தூதரகத்தைக் கைப்பற்றிய ஆயுதக் குழு ஈராக்கின் உதவியோடு வந்தது. ஆனால் தூண்டுவதும் பெரும் படையோடு எல்லை தாண்டி ஊர்களைப் பிடிப்பதும் ஒன்றல்ல. செப்டம்பர் 4 அன்று ஈராக்கின் எல்லை ஊர்கள் மீது ஈரான் பீரங்கியால் சுட்டதுதான் தொடக்கம் என்று ஈராக் கடைசி வரை வாதிட்டது. எல்லையில் இரு பக்கமும் சுட்டது உண்மைதான். 1991 டிசம்பரில் ஐ.நா. பொதுச் செயலாளர் பெரெஸ் தெ குவெய்யார் தந்த அறிக்கை, போரைத் தொடங்கிய பொறுப்பை ஈராக் மேல்தான் வைத்தது. அது சரியான தீர்ப்பு.

பயந்தவர் எதற்குத் தாக்கப் போகிறார்? அதுவும் ஏன் அந்த செப்டம்பரில்?

ஏனென்றால் பயத்தோடு ஆசையும் சேர்ந்தது. எரிகிற வீட்டில் பிடுங்கின வரை லாபம் என்ற கணக்கு.

ஈரான் அப்போது எரிகிற வீடாகத்தான் வெளியே தெரிந்தது. ஷாவின் தளபதிகளில் பலர் கொல்லப்பட்டார்கள், பலர் ஓடிப்போனார்கள். 1979 நவம்பர் 4 முதல் அமெரிக்கத் தூதரக ஊழியர்கள் பணயக் கைதிகள். அதனால் அமெரிக்கா ஈரானோடு உறவை முறித்தது. ஷா வாங்கிக் குவித்த அமெரிக்கப் போர் விமானங்களுக்கு உதிரி பாகம் வரவில்லை. 1980 ஜூலையில் விமானப்படை அதிகாரிகள் சிலர் ஆட்சியைக் கவிழ்க்கத் திட்டமிட்டுப் பிடிபட்டார்கள். அதிபர் பனிசத்ருக்கும் மதகுருமார்களுக்கும் ஒத்துவரவில்லை. நாட்டை விட்டு ஓடிவந்த ஷா காலத்துப் பெரிய மனிதர்கள், ஒரு தட்டுத் தட்டினால் விழுந்துவிடும் என்று பாக்தாதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஈராக்கிலோ எண்ணெய்ப் பணம் கொட்டியது. இஸ்ரேலோடு கேம்ப் டேவிட் உடன்பாடு செய்ததால் எகிப்து அரபு நாடுகளிடையே ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது. அரபு உலகின் தலைமை இடம் காலியாக இருந்தது. அதில் உட்கார சதாம் விரும்பினார். இன்னும் சில ஆண்டு விட்டால் ஈரான் எழுந்து நின்றுவிடும், மக்கள்தொகையில் அது மூன்று மடங்கு. இப்போது விட்டால் எப்போது என்று தோன்றியிருக்கிறது.

கணக்கு முதல் நாளே தவறியது. மறுநாள் நூற்றுக்கும் மேற்பட்ட ஈரானிய விமானங்கள் ஈராக் மீது பறந்தன. சிறையில் இருந்த விமானிகள் சிலரை விடுவித்து ஓட்டச் சொன்னார்கள், ஓட்டினார்கள். கோரம்ஷஹரைப் பிடிக்கவே ஈராக்குக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. தெருத்தெருவாக, வீடு வீடாக நடந்த சண்டை அது. ஈரானியர்கள் அந்த ஊரை 'ரத்த நகரம்' என்று அழைக்கத் தொடங்கினார்கள். புரட்சியைப் பிடிக்காதவர்கள்கூட நாட்டுக்காக நின்றார்கள். கவிழ்க்க நினைத்த அரசை இந்தப் போர்தான் காலூன்ற வைத்தது.

எண்ணெய்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்கிறார்களே?

குசஸ்தானில் ஈரானின் எண்ணெய் வயல்களில் பெரும்பகுதி இருக்கிறது, 1908இல் மத்தியக் கிழக்கின் முதல் பெரிய எண்ணெய்க் கிணறு தோண்டியதும் அங்கேதான். ஆசை இருந்திருக்கும். ஆனால் எண்ணெய் வேறு ஒரு விதத்தில்தான் முக்கியம்: அந்தப் பணம் இல்லாமல் இவ்வளவு ஆயுதம் வாங்கியிருக்க முடியாது, எட்டு ஆண்டு தாக்குப் பிடித்திருக்கவும் முடியாது.

அமெரிக்கா தூண்டிவிட்டதா?

'போ, அடி' என்று அமெரிக்கா சொன்னதாக உறுதியான ஆதாரம் இல்லை. ஆனால் போர் தொடங்கிய பிறகு பெரிய நாடுகள் நடந்துகொண்ட விதம் மனதுக்குக் கசக்கிறது. 1980 செப்டம்பர் 28 அன்று ஐ.நா. பாதுகாப்புக் கவுன்சில் தீர்மானம் போட்டது. சண்டையை நிறுத்தச் சொன்னது. ஈரான் மண்ணிலிருந்து ஈராக் வெளியேற வேண்டும் என்று ஒரு வார்த்தை இல்லை. ஐ.நா. மேல் ஈரானுக்கு இருந்த நம்பிக்கை அன்றே போனது. பிரான்ஸும் சோவியத் ஒன்றியமும் ஈராக்குக்கு ஆயுதம் விற்றன. அமெரிக்கா 1984இல் ஈராக்கோடு தூதரக உறவைப் புதுப்பித்து, அடுத்த இரண்டு ஆண்டுகளில் ரகசியமாக ஈரானுக்கும் ஏவுகணை விற்றது. ஈராக் நச்சு வாயு வீசியது தெரிந்தும் உலகம் முணுமுணுத்ததோடு நிறுத்திக்கொண்டது. 1988 மார்ச் 16 அன்று ஹலப்ஜா என்ற குர்து ஊரில் ஆயிரக்கணக்கானோர் வாயுவில் மடிந்தபோதும் அப்படித்தான். இவை போருக்குக் காரணம் இல்லை. போர் நீண்டதற்குக் காரணம்.

சில மாதத்தில் முடிய வேண்டியது எட்டு வருஷம் நீண்டது ஏன்?

1982 மே 24 அன்று ஈரான் கோரம்ஷஹரை மீட்டது. ஜூனில் ஈராக் பின்வாங்கத் தொடங்கி, போர் நிறுத்தத்துக்கும் தயார் என்றது. அன்று நின்றிருக்கலாம். தெஹ்ரானில் நீண்ட வாதம் நடந்தது. சதாமைத் தண்டிக்காமல் நிறுத்தக் கூடாது என்ற பக்கம் வென்றது. ஜூலையில் ஈரானியப் படை பாஸ்ராவை நோக்கி ஈராக்குக்குள் நுழைந்தது. இப்போது எரிகிற வீட்டுக் கணக்கை ஈரான் போட்டது, அதே மாதிரி தோற்றது.

முதல் இரண்டு ஆண்டுப் போரின் பாவம் சதாமுக்கு. அடுத்த ஆறு ஆண்டுகளில் ஈரானியத் தலைமைக்கும் பெரும் பங்கு உண்டு. பள்ளி வயதுப் பையன்கள் கண்ணிவெடி வயல்களுக்கு அனுப்பப்பட்டது அந்த ஆறு ஆண்டுகளிலும் நடந்தது. கடைசியில் 1988 ஜூலையில், நஞ்சுக் கோப்பையைக் குடிப்பது போல இருக்கிறது என்று சொல்லி கொமெய்னி போர் நிறுத்தத்தை ஏற்றார்.

இந்தியாவுக்கு இதில் என்ன பாதிப்பு?

அன்று இந்தியா வாங்கிய கச்சா எண்ணெயில் பெரும்பங்கு இந்த இரண்டு நாடுகளிலிருந்தும்தான் வந்தது. அணிசேரா நாடுகளின் 1982 உச்சி மாநாடு பாக்தாதில் நடப்பதாக இருந்தது; போரால் அது தள்ளிப்போய், 1983 மார்ச்சில் புது டெல்லியில் நடந்தது. சதாம் தலைமை தாங்க ஆசைப்பட்ட மேடையில் இந்திரா காந்தி அமர்ந்தார்.

பெரிய பாதிப்பு பின்னால் வந்தது. போருக்காக ஈராக் வாங்கிய கடன் மலையாக நின்றது. கடன் கொடுத்தவர்களில் ஒருவரான குவைத் அதைத் தள்ளுபடி செய்ய மறுத்தது. 1990 ஆகஸ்ட் 2 அன்று சதாம் குவைத்தைப் பிடித்தார். அம்மான் வரை பாலைவனத்தில் பயணம் செய்து, அங்கிருந்து விமானத்தில் பம்பாய் வந்து இறங்கிய லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களில் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. உங்கள் ஊரிலேயே ஒருவர் இருக்கலாம். கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள்.

கடைசியில் அந்த ஆறு யாருக்குப் போனது?

போர் நடந்த எட்டு ஆண்டுகளும் யாருக்கும் இல்லை. போர் தொடங்கிய நாளில் ஆற்றில் நின்றிருந்த பல நாட்டுக் கப்பல்கள் அங்கேயே மாட்டிக்கொண்டு துருப்பிடித்தன, சில மூழ்கின. வண்டல் சேர்ந்து தடம் தூர்ந்தது.

1990 ஆகஸ்ட் நடுவில், குவைத்தைப் பிடித்து உலகமே எதிராகத் திரும்பிய இரண்டாவது வாரத்தில், சதாம் ஈரான் அதிபர் ரஃப்சஞ்சானிக்குக் கடிதம் எழுதினார். 1975 உடன்பாட்டை ஏற்கிறேன், எல்லைக்கோடு ஆற்றின் நடுத்தடமே என்றார். பத்து ஆண்டுகளுக்கு முன் செல்லாது என்று அவர் அறிவித்த அதே கோடு.

போர்க் கைதிகளின் கடைசித் தொகுதி வீடு திரும்ப 2003 ஆகிவிட்டது. ஷலம்சே எல்லைச் சாவடியில், தோண்டி எடுத்த எலும்புகளைப் பெட்டிகளில் வைத்து இரு நாடுகளும் அதற்குப் பிறகும் பல ஆண்டுகளாக மாற்றிக்கொண்டு வருகின்றன.